லெவோதைராக்ஸின் மாத்திரை: நெடுநாள் பயனாளியின் மதிப்புரை

இங்கே மதிப்பிடப்படும் பொருள் லெவோதைராக்ஸின் சோடியம். ‘தைராய்டு மாத்திரை’ என்று கேட்டாலே மருந்துக்கடைக்காரர் எடுத்துத் தந்துவிடும் அளவுக்குப் பரவலாகிவிட்ட இந்த மருந்து, நம் நாட்டில் தைரோநார்ம், எல்ட்ராக்சின் முதலிய பல வணிகப் பெயர்களில் விற்கப்படுகிறது. ஹாஷிமோட்டோ எனப்படும் தன்னெதிர்ப்பு அழற்சியால் தைராய்டுச் சுரப்பி செயலிழந்தவள் என்ற முறையில், பல ஆண்டுகளாக இதை உட்கொண்டு வருகிறேன். நான் மருத்துவம் படித்தவள் அல்லள். கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். ஒரு மருந்தை ஆயுள் முழுவதும் விழுங்க வேண்டும் என்று சொல்லப்பட்ட பிறகு, அதைப் பற்றி நடந்த மருத்துவ ஆய்வுகளைத் தேடிப் படிக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. சென்னை உட்பட எட்டு இந்திய நகரங்களில் 5,376 பெரியவர்களைப் பரிசோதித்து 2013-இல் வெளியிடப்பட்ட ஆய்வு, அவர்களில் ஏறத்தாழ 11 விழுக்காட்டினருக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு இருப்பதாகக் கண்டது. கைப்பேசி உறைக்கும் தலைமுடி எண்ணெய்க்கும் பக்கம் பக்கமாக மதிப்புரை எழுதப்படும் காலத்தில், இத்தனை பேர் வாங்கும் ஒரு பொருளைப் பயன்படுத்துவோர் தரப்பிலிருந்து நிதானமாக எடைபோட்ட எழுத்து ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

மாத்திரையின் மேல் எனக்குப் புகார் அதிகம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது விற்கப்படும் விதம், உட்கொள்ளப்படும் விதம், தேவையில்லாதவர்களுக்கும் எழுதித் தரப்படும் விதம் ஆகியவற்றைப் பற்றித்தான் சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

நம் சுரப்பி இயல்பாகச் சுரக்கும் டி4 (தைராக்ஸின்) என்ற ஹார்மோனும் இந்த மாத்திரையில் அடங்கியிருக்கும் மருந்தும் மூலக்கூறு அளவில் ஒன்றே. உடல் தனக்கு வேண்டியபோது அந்த டி4-இலிருந்து ஓர் அயோடின் அணுவை நீக்கி, வீரியம் மிகுந்த டி3 ஆக மாற்றிக்கொள்கிறது. தைராய்டுச் சுரப்பி இயங்காதவர்களுக்கு டி4 மட்டும் கொடுத்தாலும் ரத்தத்தில் டி3 உருவாகிறது என்பதை 1970-இல் அமெரிக்காவில் பிரேவர்மன், இங்பார், ஸ்டெர்லிங் ஆகிய மூவரும் நிறுவினார்கள். உலகெங்கும் டி4 மட்டுமே முதல் மருந்தாகத் தரப்படுவதற்கு அந்த ஆய்வு வலுவான அடித்தளமாக அமைந்தது. இந்த மருந்தின் இன்னொரு நற்குணம் அதன் நீண்ட அரை ஆயுள்: உட்கொண்டதில் பாதி உடலிலிருந்து நீங்குவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் ஆகிறது. ஆகவே நாளுக்கு ஒருமுறை போதும்; ரத்தத்தில் அதன் அளவு பெரிதாக ஏறி இறங்குவதில்லை; ஒரு நாள் தவறிப்போனாலும் பதற வேண்டியதில்லை. அதே குணத்தின் மறுபக்கமாக, அளவை மாற்றினால் அதன் முழு விளைவு தெரிய ஆறு வாரங்களுக்கு மேலாகிறது. பத்து நாள் சாப்பிட்டுவிட்டு ‘ஒன்றும் மாறவில்லையே’ என்று கைவிடுபவர்கள் இதை அறிந்திருந்தால் கொஞ்சம் பொறுத்திருப்பார்கள்.

இந்த மருந்து எவ்வளவு பாடுபட்டு நம் கைக்கு வந்தது என்பதையும் மதிப்பீட்டில் சேர்த்துக்கொள்வதே முறை. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் முர்ரே என்ற மருத்துவர் 1891-இல், முகம் ஊதி, பேச்சு மந்தமாகி, குளிரில் ஒடுங்கிக் கிடந்த 46 வயதுப் பெண் ஒருவருக்குச் செம்மறியாட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி மூலம் செலுத்தினார். பிறகு அதே சாற்றை வாய்வழியாக எடுத்துக்கொண்ட அந்தப் பெண் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து 1919-இல் மறைந்தார். அவர் ஒருவருக்காக 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் எட்வர்ட் கெண்டல் 1914 கிறிஸ்துமஸ் நாளில் தைராக்ஸினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். ஆய்வுக்காக 33 கிராம் அளவுக்கு அதைச் சேர்க்க அவருக்குச் சுமார் மூன்று டன் பன்றிச் சுரப்பி வேண்டியிருந்தது. சார்லஸ் ஹாரிங்டன் 1926-இல் அதன் கட்டமைப்பைக் கண்டறிந்து, மறு ஆண்டே ஜார்ஜ் பார்ஜருடன் சேர்ந்து ஆய்வுக்கூடத்தில் அதைத் தயாரித்துக் காட்டினார். ஒரு கிராம் மருந்திலிருந்து 100 மைக்ரோகிராம் மாத்திரைகள் பத்தாயிரம் செய்யலாம் என்ற கணக்கைப் போட்டுப் பார்க்கும்போது, வேதியியல் கற்பித்த எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை. இவ்வளவு நுண்ணிய அளவில் வேலை செய்யும் மருந்து என்பதால்தான் பின்னால் சொல்லப்போகும் சிக்கல்களும் வருகின்றன.

என் அனுபவத்தில் மாத்திரை எதைச் சரிசெய்தது, எதைச் சரிசெய்யவில்லை என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டும். மார்கழிக் குளிரில் மட்டுமல்லாமல் ஆடி மாதத்திலும் போர்வை தேடிய நிலை மாறியது. மலச்சிக்கலும், பேசும்போது சொற்கள் நினைவுக்கு வராமல் தடுமாறியதும் நீங்கின. தோலின் வறட்சி மெல்லத்தான் குறைந்தது. முடி உதிர்வது நின்றது, ஆனால் போன முடி முழுவதும் திரும்பவில்லை. எடை விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். தைராய்டு குறைவால் கூடும் எடை பொதுவாகச் சில கிலோ மட்டுமே. அதிலும் பெரும்பகுதி உடலில் தேங்கிய உப்பும் நீரும்தான் என்று அமெரிக்கத் தைராய்டு சங்கம் நோயாளிகளுக்கான தன் விளக்கக் குறிப்பில் தெளிவாகச் சொல்கிறது. ஆகவே மாத்திரை தொடங்கிய பின் அந்தச் சில கிலோ இறங்கலாம். இருபது கிலோ இறங்கும் என்று காத்திருப்பவர்களுக்கு இது அதற்கான பொருள் அன்று. எடை குறைப்பதற்காக, டி.எஸ்.எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டுச் சுரப்பு குறைந்தால் ரத்தத்தில் இதன் அளவு ஏறும், மிகுந்தால் இறங்கும்) இயல்பாக இருக்கும்போதே இதைக் கூடுதலாக விழுங்குவோர் இருக்கிறார்கள் என்று கேள்விப்படும்போது அச்சமாக இருக்கிறது. அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் நகரில் 60 வயது கடந்தவர்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து 1994-இல் வெளியிட்ட ஆய்வில், டி.எஸ்.எச் மிகவும் தாழ்ந்திருந்தவர்களுக்கு ஒழுங்கற்ற இதயத் துடிப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்று மடங்காக இருந்தது. எலும்பு மெலிவதும் இதனுடன் சேர்ந்துகொள்ளும் ஆபத்து.

இனி உபயோகிக்கும் முறை. நம் வீடுகளில் இந்த மாத்திரையின் முதல் எதிரி ஃபில்டர் காபி. வெறும் வயிற்றில், தண்ணீருடன், சிற்றுண்டிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்பு உட்கொள்ள வேண்டும் என்பதை எல்லா மருத்துவர்களும் சொல்கிறார்கள். ‘வெறும் வயிறு’ என்பதில் காபி சேராது என்று நாமாக முடிவு செய்துகொள்கிறோம். இத்தாலியில் சால்வத்தோரே பென்வெங்கா குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு, மாத்திரையை எஸ்பிரெசோ காபியுடன் எடுத்துக்கொண்டவர்களின் குடலில் மருந்து உறிஞ்சப்படுவது குறைந்ததைக் காட்டியது. அளவைக் கூட்டியும் டி.எஸ்.எச் இறங்காத நோயாளிகளைக் கவனித்ததிலிருந்துதான் அந்த ஆய்வே பிறந்தது. அங்கே பால் கலக்காத காபி. நம்முடையது பாலும் டிகாஷனும் கலந்தது என்பதால் நிலைமை மேலும் மோசமாக இருக்குமே தவிரச் சீராக வாய்ப்பில்லை என்பது என் ஊகம். வெறும் வயிற்றில்கூட 70 முதல் 80 விழுக்காடு மருந்துதான் உறிஞ்சப்படுகிறது என்னும்போது, அதிலும் பங்கு கேட்கும் பொருளைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நியாயமில்லை.

காபியைவிடப் பெரிய தடை, நடுத்தர வயதுப் பெண்களுக்குத் தைராய்டு மாத்திரையோடு சேர்த்தே எழுதித் தரப்படும் கால்சியமும் இரும்புச்சத்தும். கால்சியம் கார்பனேட்டை இதோடு சேர்த்து எடுத்தவர்களின் டி.எஸ்.எச் சராசரியாக 1.6-இலிருந்து 2.7-க்கு உயர்ந்ததை, 20 பேரிடம் நடத்தி 2000-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டுகிறது. இரும்புச்சத்து மாத்திரை பற்றி 1992-இல் 14 பேரிடம் நடந்த ஆய்வில் அதே அளவு 1.6-இலிருந்து 5.4-க்கு ஏறியது. இவை சிறிய ஆய்வுகள்தாம். ஆனால் இரண்டும் ஒரே திசையைக் காட்டுகின்றன, காரணமும் வேதியியல்படி விளங்கக்கூடியது: இந்த உலோக அயனிகள் குடலுக்குள் தைராக்ஸினைப் பிணைத்து உறிஞ்சவிடாமல் செய்கின்றன. நான்கு மணி நேர இடைவெளி விட்டால் சிக்கல் தீர்ந்தது. காலை ஆறு மணிக்கு ஐந்து மாத்திரைகளையும் ஒரே உள்ளங்கையில் கொட்டி ஒரே மடக்கில் விழுங்கும் பழக்கம் உள்ளவர்கள், அளவைக் கூட்டச் சொல்லி மருத்துவரிடம் போவதற்கு முன் இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

காபியை விட முடியாதவர்களுக்கு நல்ல செய்தி ஒன்று உண்டு. நெதர்லாந்தில் நியென்கே போல்க் குழுவினர் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளிகளுக்குக் காலையில் ஒன்றும் இரவு படுக்கும்போது ஒன்றுமாக இரண்டு மாத்திரைகள் தரப்பட்டன. இவற்றில் ஒன்று மட்டுமே உண்மையான மருந்து. எது எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. மூன்று மாதம் கழித்து இரண்டையும் இடம் மாற்றினார்கள். முழுமையாகப் பங்கேற்ற 90 பேரிடம், இரவில் மருந்து எடுத்தபோது டி.எஸ்.எச் சராசரியாக 1.25 அலகு குறைவாக இருந்தது. அதாவது மருந்து இன்னும் நன்றாக உறிஞ்சப்பட்டது. உடல்நலம் பற்றிய கேள்வித்தாள் மதிப்பெண்களில் மட்டும் வேறுபாடு எதுவும் தெரியவில்லை. நானும் என் மருத்துவரைக் கேட்டு இரவுக்கு மாற்றிக்கொண்டேன். ஆனால் இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஒன்பதரைக்குச் சோறு, பத்து மணிக்குப் படுக்கை என்று வாழும் குடும்பங்களுக்கு இந்த வழி உதவாது.

அடுத்து, பொதி. பெரும்பாலான நிறுவனங்கள் இதை நூறு மாத்திரை அளவிலான டப்பாக்களில் அடைத்து விற்கின்றன; சில அட்டைகளிலும் வருகின்றன. ஒளி, ஈரப்பதம், வெப்பம் ஆகிய மூன்றும் இந்த மருந்தைச் சிதைக்கும். ஆனாலும் டப்பாவை ஒவ்வொரு நாளும் திறந்து மூடுகிறோம். அதைச் சமையலறை அலமாரியில், அடுப்புக்கு மேலே வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். உறையில் அச்சிட்டிருக்கும் 25 அல்லது 30 டிகிரி வரம்பைச் சித்திரை, வைகாசி மாதங்களில் திருச்சி, மதுரை, வேலூர் பக்கத்து வீடுகளில் எப்படிக் கடைப்பிடிப்பது என்று எந்த நிறுவனமும் யோசித்ததாகத் தெரியவில்லை. டப்பாவைவிட, ஒவ்வொரு மாத்திரையும் தனித்தனியே மூடப்பட்ட அட்டையே நம் தட்பவெப்பத்துக்கு ஏற்றது என்பது என் கருத்து. டப்பாதான் கிடைக்கிறது என்றால், அதற்குள் இருக்கும் ஈரமுறிஞ்சிப் பொட்டலத்தை எடுத்து எறியாமல், படுக்கையறையில் வெயில் படாத மூலையில் வைப்பது நல்லது.

பொதியில் இதைவிடக் கவலை தருவது எழுத்து. இந்த மருந்து 12.5, 25, 50, 62.5, 75, 88, 100, 125 என்று பல வீரியங்களில் விற்பனையாகிறது. அளவை நுட்பமாகத் திருத்திக்கொள்ள இது பெரிய வசதி. 60 கிலோ எடை உள்ளவருக்கு முழு மாற்றீட்டு அளவு, கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்ற கணக்கில் 96 வருகிறது, அதை 88 அல்லது 100 என்று பொருத்திக்கொள்ளலாம். ஆனால் 12.5-க்கும் 125-க்கும் இடையே இருப்பது ஒரு புள்ளி மட்டுமே. அந்தப் புள்ளி, கண்புரை உள்ள ஒருவர் மங்கலான விளக்கொளியில் படிக்க முடியாத அளவில் அச்சிடப்பட்டிருக்கிறது. பத்து மடங்கு வேறுபாட்டை ஒரு புள்ளியிடம் ஒப்படைக்கும் இந்த வடிவமைப்புக்கு என்னிடம் மதிப்பெண் கிடையாது. வீரியத்துக்கு ஒரு நிறம் என்று மாத்திரையையும் மூடியையும் எல்லா நிறுவனங்களும் ஒன்றுபோல வேறுபடுத்தினாலே போதும்.

வணிகப் பெயரை மாற்றலாமா என்பது அடுத்த கேள்வி. வழக்கமாக வாங்கும் கடையில் ஒருமுறை, நான் கேட்ட பெயர் இருப்பில் இல்லை என்று சொல்லாமலே வேறொரு நிறுவனத்தின் டப்பாவைப் பையில் போட்டுத் தந்தார்கள். வீட்டில் பார்த்துத் திருப்பிக் கொண்டுபோனபோது, “எல்லாம் ஒரே மருந்துதான் டீச்சர், பேரு மட்டும்தான் வேற” என்றார் கடைப் பையன். அவன் சொன்னதில் உண்மையும் இருக்கிறது, போதாமையும் இருக்கிறது.

உண்மை எவ்வளவு என்பதற்கு, மருத்துவ ஆய்வு வரலாற்றில் மிகவும் அசிங்கமான அத்தியாயங்களில் ஒன்றைப் புரட்ட வேண்டும். அமெரிக்கச் சந்தையில் முன்னணியில் இருந்த சிந்த்ராய்டு என்ற வணிகப் பெயர், மற்றவற்றைவிட உயர்ந்தது என்று காட்டுவதற்காக, அதன் தயாரிப்பு நிறுவனமே 1987-இல் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெட்டி டாங் என்ற மருந்தியல் ஆய்வாளருக்குப் பணம் கொடுத்து ஆய்வு நடத்தச் சொன்னது. 22 பெண்களிடம் நான்கு தயாரிப்புகளை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்ததில், நான்கும் ஒன்றுக்கொன்று சமமானவை என்று 1990-இல் முடிவு வந்தது. விலை குறைந்த தயாரிப்புக்கு மாறினால் அமெரிக்க நோயாளிகளுக்கு ஆண்டுக்கு 35 கோடி டாலருக்கு மேல் மிச்சமாகும் என்றும் ஆய்வாளர்கள் கணக்கிட்டிருந்தார்கள். அதற்குள் கைமாறியிருந்த நிறுவனம் ஆய்வின் முறைகளைக் குறை கூறத் தொடங்கியது. எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் முடிவுகளை வெளியிடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டி, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 1995 ஜனவரியில் அச்சேறவிருந்த கட்டுரையைக் கடைசி நேரத்தில் திரும்பப் பெறவும் வைத்தது. செய்தித்தாள்கள் இதை வெளிக்கொணர்ந்த பின்புதான், 1997 ஏப்ரலில் அதே இதழில் கட்டுரை வெளிவந்தது. தனக்குப் பிடிக்காத முடிவை ஏழு ஆண்டுகள் பூட்டி வைக்க ஒரு நிறுவனத்தால் முடிந்தது என்பதை, எந்த மருந்து விளம்பரத்தைப் பார்க்கும்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

போதாமை எங்கே என்பதை ஃபிரான்ஸ் காட்டியது. ஏறத்தாழ 30 லட்சம் பேர் உட்கொண்டுவந்த லெவோதைராக்ஸ் மாத்திரையின் துணைப்பொருள்களை 2017-இல் அதன் தயாரிப்பாளரான மெர்க் நிறுவனம் மாற்றியது. மருந்து அதே மருந்துதான். லாக்டோஸுக்குப் பதிலாக மானிட்டாலும் சிட்ரிக் அமிலமும் சேர்க்கப்பட்டன. மருந்து நாள்பட நிலையாக இருக்க வேண்டும் என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே கேட்டுக்கொண்டதன் பேரில் செய்த மாற்றம் அது. நோக்கத்தில் குறை காண முடியாது. ஆனால் சில மாதங்களுக்குள் களைப்பு, தலைவலி, தலைசுற்றல், முடி உதிர்வு என்று ஆயிரக்கணக்கானோர் முறையிட்டார்கள். அரசு அக்டோபர் மாதம் பழைய கலவையைத் தற்காலிகமாக இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று. புதியதும் பழையதும் சமம் என்று 204 ஆரோக்கியமானவர்களிடம் நடத்திய ஆய்வு சொல்லியிருந்தது. அதே தரவுகளை 2019-இல் மறுபடி அலசிய கான்கோர்டே குழுவினர், சராசரி சமமாக இருந்தாலும், பங்கேற்றவர்களைத் தனித்தனியே பார்த்தால் பாதிக்கும் மேற்பட்டோர், சமம் என்று ஏற்கப்படும் வரம்புக்கு வெளியே விழுகிறார்கள் என்று காட்டினார்கள். இந்த அலசலுக்கு மறுப்பும் உண்டு. எனக்குத் தோன்றுவது இதுதான்: நான்கு தயாரிப்புகளும் கூட்டத்துக்குச் சமமாக இருக்கலாம், ஒருவர் உடலுக்குச் சமமாக இருக்குமா என்பதை அவருடைய ரத்தப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். ஆகவே விலைக்காகவோ இருப்புக்காகவோ பெயரை மாற்றலாம். மாற்றினால் ஆறு அல்லது எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச் பார்த்துவிட வேண்டும். மாதத்துக்கு ஒரு பெயர் என்று மாறிக்கொண்டே இருப்பது எந்தப் பரிசோதனைக்கும் பிடிபடாது. கடைக்காரர் மாற்றுவதாக இருந்தால் சொல்லிவிட்டு மாற்றட்டும்.

இந்த மாத்திரை யாருக்கு வேண்டாம் என்பதுதான் இம்மதிப்புரையில் பலருக்கும் பிடிக்காத பகுதியாக இருக்கும். முழு உடல் பரிசோதனைத் திட்டங்கள் பெருகிய பிறகு, எந்தத் தொந்தரவும் இல்லாத ஒருவரின் அறிக்கையில் டி.எஸ்.எச் 6 அல்லது 7 என்று தடித்த எழுத்தில் வருவதும், அன்று மாலையே 25 மைக்ரோகிராம் தொடங்கப்படுவதும் சாதாரணமாகிவிட்டது. டி4 இயல்பாக இருந்து டி.எஸ்.எச் மட்டும் சற்றுக் கூடியிருக்கும் இந்த நிலையைக் குறித்து, அயர்லாந்து, பிரிட்டன், நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து நாடுகளில் 65 வயது கடந்த 737 பேரிடம் நடந்த டிரஸ்ட் எனும் ஆய்வு 2017-இல் வெளியானது. பாதிப் பேருக்கு லெவோதைராக்ஸின், மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. ஓராண்டு முடிவில் மருந்து எடுத்தவர்களின் டி.எஸ்.எச் 3.63-க்கு இறங்கியது, மற்றவர்களுக்கு 5.48-இல் நின்றது. அதாவது காகிதத்தில் எண் அழகாகிவிட்டது. களைப்பிலும் மற்ற அறிகுறிகளிலும் இரு பிரிவினருக்கும் இடையே எந்த வேறுபாடும் இல்லை. இதையும் இது போன்ற பிற ஆய்வுகளையும் தொகுத்துப் பார்த்த பன்னாட்டு நிபுணர் குழு ஒன்று, இத்தகைய பெரியவர்களுக்குத் தைராய்டு ஹார்மோன் தர வேண்டாம் என்று 2019-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் உறுதியாகப் பரிந்துரைத்தது. கருத்தரிக்க முயலும் பெண்கள், டி.எஸ்.எச் 20-க்கு மேல் உள்ளவர்கள், கடுமையான அறிகுறிகள் உள்ளவர்கள், மிக இளம் வயதினர் ஆகியோருக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்பதையும் அவர்களே குறிப்பிட்டிருக்கிறார்கள்.

தனியாக நிற்கும் ஒரு டி.எஸ்.எச் எண்ணை மட்டும் நம்பி ஆயுள்கால மருந்தைத் தொடங்குவதற்கு நான் உடன்பட மாட்டேன். காய்ச்சலில் படுத்து எழுந்த பிறகும், சில மாத்திரைகளாலும், வயது ஏறுவதாலும் அந்த எண் கூடும். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தால் பலருக்குத் தானாகவே இறங்கியிருக்கும். ஏற்கெனவே மாத்திரை எடுத்துவருபவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்தக் கூடாது. எந்த அளவில் இருந்தபோது தொடங்கினார்கள் என்ற பழைய அறிக்கையை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். அந்த முதல் அறிக்கையைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு.

இதற்கு நேர்மாறாக, ஒரு நாள்கூடத் தள்ளிப்போட முடியாத இடங்களும் உண்டு. பிறவியிலேயே தைராய்டு இயங்காத குழந்தைக்கு, பிறந்த சில நாள்களில் குதிகாலில் எடுத்த ரத்தத் துளியால் குறையைக் கண்டறிந்து, இரண்டு வாரத்துக்குள் இந்த மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலிலோ நீரிலோ கரைத்துக் கொடுத்துவிட்டால், அறிவு வளர்ச்சி தடைப்படாமல் காப்பாற்றலாம். இவ்வளவு மலிவான ஒரு பொருள் இவ்வளவு பெரிய இழப்பைத் தடுப்பது மருத்துவத்தில் அரிது. அப்படியிருந்தும், பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் அந்தச் சோதனை இன்னும் நம் நாட்டில் கட்டாயமாகவில்லை. கர்ப்பிணிகளுக்கும் தாமதம் கூடாது. ஏற்கெனவே மாத்திரை எடுத்துவந்த 19 பெண்களைக் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே பின்தொடர்ந்து, எரிக் அலெக்சாண்டர் குழுவினர் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாவது வாரத்திலேயே தேவை கூடத் தொடங்கி, முதல் பாதிக்குள் சராசரியாக 47 விழுக்காடு உயர்ந்தது. நாள் தள்ளிப்போனது தெரிந்தவுடன் மருத்துவரை அழைக்க வேண்டும் என்பதை, இளம் பெண்களுக்கு மாத்திரை எழுதும் அன்றே சொல்லிவிட வேண்டும். வளைகாப்பு வரை காத்திருந்து சொல்லும் செய்தி இல்லை இது.

டி.எஸ்.எச் சரியான பின்பும் ‘நான் பழைய ஆளாக இல்லை’ என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கற்பனை செய்கிறார்கள் என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. டி4-உடன் டி3-ஐயும் சேர்த்துத் தந்தால் இவர்களுக்கு உதவுமா என்ற கேள்வி 1999-இல் லித்துவேனியாவில் நடந்த ஆய்வால் சூடு பிடித்தது: 33 நோயாளிகளின் டி4-இல் 50 மைக்ரோகிராமைக் குறைத்து அதற்குப் பதில் 12.5 மைக்ரோகிராம் டி3 கொடுத்தபோது மனநிலையும் நினைவாற்றலும் மேம்பட்டதாக அது கூறியது. ஆனால் பின்னர் வந்த ஆய்வுகளில் அந்தப் பலன் மீளத் தென்படவில்லை. 11 ஆய்வுகளில் பங்கேற்ற 1,216 பேரின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்த 2006-ஆம் ஆண்டுத் தொகுப்பும் இரண்டு முறைகளுக்கும் வேறுபாடு இல்லை என்றே முடித்தது. இவற்றில் எனக்கு மிகவும் சுவையானது பிரிட்டனில் 697 பேரிடம் நடந்து 2005-இல் வெளியான ஆய்வு. சேர்க்கை மருந்து பெற்றவர்கள் மூன்று மாதத்தில் நலமடைந்ததாகச் சொன்னார்கள். பழைய மருந்தையே புதிய பொட்டலத்தில் பெற்றவர்களும் ஏறத்தாழ அதே அளவு நலமடைந்ததாகச் சொன்னார்கள். அக்கறையோடு ஒருவர் கேட்டுக்கொண்டதும், புதிதாக ஏதோ தரப்படுகிறது என்ற நம்பிக்கையும் என்ன செய்யும் என்பதை அந்த எண்கள் காட்டுகின்றன. விலங்குச் சுரப்பிப் பொடியை ‘இயற்கை மருந்து’ என்று புகழ்ந்து வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்களைப் பொறுத்தவரை, பன்றிச் சுரப்பியில் டி3-இன் விகிதம் மனித உடலில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம் என்பதை மட்டும் குறிப்பிட்டுவிட்டு நகர்கிறேன். நலமில்லை என்று உணர்பவர்கள் ரத்தசோகை, பி12 குறைவு, வைட்டமின் டி குறைவு, தூக்கத்தில் மூச்சுத் திணறல், மனச்சோர்வு ஆகியவற்றையும் சோதித்துக்கொள்வது, மூன்றாவது முறையாக மாத்திரையின் பெயரை மாற்றுவதைவிடப் பயன் தரும்.

விலையில் எந்தக் குறையும் சொல்ல முடியாது. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால் இதற்கு அரசின் விலைக் கட்டுப்பாடு உண்டு. ஒரு நாள் மாத்திரையின் விலை, அதோடு சண்டை போடும் அந்தக் காபியின் விலையைவிடக் குறைவு. ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை செய்யும் டி.எஸ்.எச் பரிசோதனைக்கு ஆகும் செலவே பல குடும்பங்களுக்கு மாத்திரைச் செலவைவிடப் பாரமாக இருக்கிறது. பரிசோதனைக்கு முன் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கப்படும் பயோட்டின் மாத்திரை, சில ஆய்வக முறைகளில் டி.எஸ்.எச்-ஐப் பொய்யாகக் குறைத்தும் டி4-ஐப் பொய்யாகக் கூட்டியும் காட்டும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே அதை நிறுத்திவிட வேண்டும்.

மதிப்பெண் கட்டாயம் என்றால், மருந்துக்கு ஐந்துக்கு நான்கரை தருவேன். அரை மதிப்பெண் குறைவது, காபிக்கும் கால்சியத்துக்கும் இவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்கும் அதன் குணத்துக்காக. டப்பாவுக்கும் உறைக்கும் இரண்டுக்கு மேல் தர மனம் வரவில்லை. வெறும் வயிற்றில் தண்ணீருடன் மட்டும் சாப்பிட வேண்டும், கால்சியம் இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும், கருத்தரித்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்ற மூன்று வரிகளை, வீரியத்தின் எண்ணைப் பெரிதாகப் போட்டு, தமிழில் அச்சிட்ட டப்பா வருமானால் அந்த இரண்டு நான்காகும்.